வேலைக்காரி வேஷம்

இழிவான வேஷத்தை ஏற்று நடிப்பவர் தம் இனத்தாருக்குத் துரோகியாவாரா? ஹாட்டி மெக்டானியல் என்னும் அமெரிக்கக் கறுப்பின நடிகையை நினைக்குந்தோறும் இக்கேள்வி நம்மை விடுவதில்லை.

அடிமைகளாயிருந்தோருக்குப் பிறந்த இவ்வம்மையார், 1939-ல் வெளிவந்த 'கான் வித் த விண்ட்' படத்தில் அடிமைத் தாதியாக நடித்தார். மறு ஆண்டு துணை நடிகைக்குரிய ஆஸ்கார் பரிசு அவருக்குக் கிடைத்தது; கறுப்பினத்தவருள் அதனைப் பெற்ற முதல்வர் அவரே. ஆயினும் அவ்விரவு அவருக்கு இட்ட ஆசனம், உடன் நடித்தோரை விட்டு விலகிய ஒரு சிறு மேசையில்! துணை நடிகருக்கு அந்நாளில் சிலையும் கிடையாது, பலகை ஒன்றே.

பின்னர் வானொலியிலும், சிறிது காலம் தொலைக்காட்சியிலும், 'பியூலா' என்னும் வேலைக்காரியே அவர் வேஷம். கறுப்பினத்தவரின் உரிமைச் சங்கத் தலைவர் வால்டர் ஒயிட் இத்தகைய வேஷங்களைக் கண்டித்தார். அதில் நியாயமுண்டு, பணிந்து நிற்கும் உருவத்தையே ஓயாது காணும் குழந்தை வேறெதைக் கற்கும்? ஆனால் வேறு வேஷம் கொடுக்க எந்த முதலாளி முன்வந்தான்? துரை சொன்னதைத் தொழிலாளியிடம் ஒப்பித்துச் சம்பளம் வாங்கும் கிராணிகளாகிய நமக்கு, அவ்வம்மையாரைக் குறைகூற நா எழவில்லை. வேஷத்தை எழுதியவனையன்றோ முதலில் கேட்டிருக்க வேண்டும்?

1952-ல் அவர் காலமானார். ஹாலிவுட் மயானத்தில் அடக்கம் செய்யப்பட விரும்பியிருந்தார். அது வெள்ளையருக்கு மட்டுமே என்று மறுத்துவிட்டனர்.