தேதிக்கு முந்தைய தேதி

உங்கள் செல்போனில் 'செய்ய வேண்டியவை' பட்டியல் போடும் ஆப் ஏதாவது இருக்கிறதா? திறந்து பாருங்கள். வேலைக்கு எதிரே ஒரு தேதி இருக்கும். அது வேலையை முடிக்க வேண்டிய தேதியா, உட்கார்ந்து செய்யப்போகிற தேதியா? போட்டவருக்கே பல சமயம் தெரியாது. 'திங்ஸ்' என்கிற ஆப்பில் இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. 'டூடூயிஸ்ட்' 2024-ல்தான் கெடுவைத் தனியாகப் பிரித்தது. சின்ன விஷயம்தானே என்று தோன்றும். பெரிய விஷயம்.

கலவையிலிருந்து ஆற்காடு, ராணிப்பேட்டை போய், பாலாற்றோரமாகவே மேற்கே வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வரை போனால் வழியெல்லாம் டேனரிகள். ஊறப்போடுகிற நாள், சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுக்கிற நாள், பதனிடுகிற நாள் என்று அங்கே தோலுக்கு எல்லாமே கணக்கு. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றால் சரக்கு கெட்டுப்போகும்.

கழிவுநீருக்கு மட்டும் அப்படி நாள் குறிக்கவில்லை. கெடு இருந்தது, நீண்டுகொண்டே போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், முதலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பிறகு ஐந்து வருடம் தானும் கொடுத்த நீட்டிப்புகளுக்குப் பிறகும் டேனரிகள் மாசைக் கட்டுப்படுத்தவில்லை என்றது. அதற்குள் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுசாகவோ ஓரளவுக்கோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போயிருந்த கணக்கும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பாலாற்று மாசுக்காக 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

தோல் விஷயத்தில் அத்தனை ஒழுங்காக இருந்தவர்கள் தண்ணீர் விஷயத்தில் ஏன் அப்படி? சோம்பலா? சோம்பேறியால் டேனரி நடத்த முடியாது. தோல் கெட்டால் நஷ்டம் முதலாளிக்கு, உடனே. தண்ணீர் கெட்டால் நஷ்டம் யாரோ ஒருவர் கிணற்றுக்கு, பல வருடம் கழித்து.

நாமும் அப்படித்தான். நமக்கு வலிக்கிற வேலைக்கு நாள் குறிக்கிறோம். அடுத்தவருக்கு வலிக்கிற வேலைக்கு வெறும் கெடு வைக்கிறோம். வாடகை வாங்க ஒன்றாம் தேதி, குடியிருப்பவர் தலையில் ஒழுகுகிற கூரையைச் சரிசெய்ய, "மழைக்கு முன்னாடி."

எல்லாவற்றுக்கும் நாள் குறித்தால் வாழ்க்கையே ஸ்கூல் டைம்டேபிள் ஆகிவிடாதா என்பீர்கள். ஆகும்தான். அதனால் எல்லாவற்றுக்கும் வேண்டாம். நீங்கள் தள்ளிப்போட்டால் இன்னொருவர் கஷ்டப்படுவார் என்கிற வேலைகளுக்கு மட்டும் குறியுங்கள். கெடு, அவருக்கு நீங்கள் தருகிற வாக்கு. 'வியாழக்கிழமை காலை பத்து மணி' என்று எழுதினால்தான் அந்த வாக்குக்குக் கால் முளைக்கும்.