குழந்தையும் அமானத்தே

நம் ஜெலாப்பாங் வட்டாரத்து வியாபார சகோதரர்கள் நாலு பேர் கூடுமிடத்தில் அடிக்கடி எழுகின்ற கேள்வி ஒன்றுண்டு. காரில் சிறு பிள்ளைகளுக்கெனத் தனி இருக்கை வைக்க வேண்டுமென்று அரசாங்கம் சட்டம் செய்திருக்கிறதே, அது நம் வீட்டு விஷயத்தில் கை வைப்பதாகாதா? பெற்றவர்களைவிடச் சர்க்காருக்குப் பிள்ளை மேல் அதிக அக்கறையா? இப்படிக் கேட்பவர்கள் நல்லவர்கள். பிள்ளைகள் மீது உயிரையே வைத்திருப்பவர்கள். ஆகவே இக்கேள்வியைத் தள்ளிவிடாமல் சற்று நிதானமாக ஆராய்வது நலமென எண்ணுகிறோம்.

முதலில் சட்டம் இன்னதென்று தெரிந்துகொள்வோம். மலேசியாவில் முன் இருக்கையில் அமர்வோர் பெல்ட் போட வேண்டுமென்ற விதி 1979 ஏப்ரலில் வந்தது. பின் இருக்கைக்கு அது வந்து சேர முப்பது ஆண்டு பிடித்தது. 2009 ஜனவரி முதல் தேதி அமலாயிற்று. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து, சொந்தக் கார்களில் செல்லும் சிறு பிள்ளைகளுக்கு அவர்கள் உடலுக்கேற்ற இருக்கை கட்டாயமாயிற்று. பிள்ளை ஏறத்தாழ 135 சென்டிமீட்டர் உயரம் வளரும்வரை அது வேண்டும் என்பதே இங்கும் சிங்கப்பூரிலும் கொள்ளப்படும் அளவு. காரணம் எளியது. காரிலுள்ள பெல்ட் வளர்ந்தவர் உடலுக்கு அளவெடுத்துச் செய்தது. தோளிலும் இடுப்பெலும்பிலும் படிய வேண்டிய பட்டை, சிறு பிள்ளைக்குக் கழுத்திலும் வயிற்றிலும் விழுகிறது. கார் மோதும்போது காக்க வந்த பட்டையே காயப்படுத்திவிடும்.

சட்டம் வந்த காலத்துப் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக், தொடக்கத்தில் சம்மன் கொடுக்கப்படமாட்டாது, மக்களுக்கு விளக்கிச் சொல்வதே முதல் வேலை என்று அறிவித்தார். மூன்றே மாதத்தில் கொரோனா முடக்கம் வந்து கார்களெல்லாம் வீட்டு வாசலில் நின்றன. அத்தோடு நம்மவர் பலர் மனத்தில் ஒரு கணக்கு முடிந்துவிட்டது: சம்மன் இல்லையேல் சட்டமுமில்லை.

வியாபாரி போடக்கூடிய கணக்கா இது? வாடிக்கைக்காரர் மேசையில் மறந்துவிட்டுப் போன பணப்பையை நாம் எடுத்துப் பத்திரப்படுத்துகிறோம்; மறுநாள் அவர் வந்து கேட்குமுன் நீட்டுகிறோம். எந்த அதிகாரி பார்த்தார்? தராசுத் தட்டை விரலால் அழுத்தாமல் இருப்பதற்குத் தண்டனைப் பயமா காரணம்? சாட்சியில்லாத கடனைப் பேரேட்டில் எழுதிவைத்துத் திருப்பிக் கொடுத்த பெரியவர்களின் பெயரால்தான் நம் கடைகளுக்கு இன்றும் நாணயம் இருக்கிறது. கல்லாப்பெட்டியில் இவ்வளவு நேர்மை பார்க்கிற நாம், காரில் ஏறியவுடன் போலீஸ்காரர் நிற்கிறாரா என்று மட்டும் பார்ப்பது பொருந்துமா?

இனி, பெற்ற தாயின் மடியைவிடப் பத்திரமான இடம் எது என்பார்கள். இந்த வாதந்தான் எல்லாவற்றிலும் வலியது, அதனால்தான் ஆபத்தானதும்கூட. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒன்று மோதி நின்றால், உள்ளே கட்டப்படாத எதுவும் அதே வேகத்தில் முன்னே பாயும். அது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம். 10 கிலோ எடையுள்ள குழந்தையைக் கைகளில் பிடித்திருக்கும் தாய், அந்தக் கண நேரம் 300 கிலோ அளவுள்ள இழுப்பைத் தாங்கவேண்டியிருக்கும். கிட்டங்கியில் அரிசி மூட்டை சுமக்கும் வாட்டசாட்டமான ஆளாலும் அது முடியாத காரியம். தாயே பெல்ட் போடாதிருந்தால் அவள் உடலும் குழந்தையின்மேல் வந்து விழும். நாம் பாசம் என்று நினைத்துச் செய்யும் செயலே பிள்ளைக்குக் கேடாக முடிகிறது.

இதே வாதத்தை அமெரிக்கரும் செய்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அந்நாட்டில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. முதன்முதலில் இதற்குச் சட்டம் கண்டது டென்னசி மாநிலம். ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் விடாமல் வாதாடியதன் பயனாக 1978 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. ஆனால் சட்டசபையார் அதில் ஒரு விலக்கு வைத்தார்கள். பெரியவர் ஒருவர் கையில் வைத்திருந்தால் குழந்தைக்கு இருக்கை வேண்டியதில்லையாம்! எந்தப் பழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வந்ததோ அதற்கே அனுமதிச் சீட்டு. அந்த மருத்துவர் மீண்டும் போராடி, 1981ல் அவ்விலக்கு நீக்கப்பட்டது. 1985க்குள் அந்நாட்டின் எல்லா மாநிலங்களும் இத்தகைய சட்டம் செய்துவிட்டன. உரிய இருக்கையில் அமர்த்தினால் கார் விபத்தில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணம் 71 சதவீதம் குறைகிறதென்பது அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீடு.

நம் ஊரையே பாருங்கள். ஜெலாப்பாங்கில் நெடுஞ்சாலை ஏறி, மெனோரா சுரங்கம் கடந்து, தைப்பிங்கிலும் பினாங்கிலும் உள்ள உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குக் குடும்பத்தோடு போகிறோம். திரும்பி வரும்போது அந்த மலைச் சரிவு. பழைய ஜெலாப்பாங் டோல் சாவடி நினைவிருக்கும். சரிவில் பிரேக் பிடிக்காமல் வரும் லாரிகளுக்கு எதிரே அது நின்றிருந்த ஆபத்தை உணர்ந்தே 2009 வாக்கில் அகற்றினார்கள். சாவடி போயிற்று, சரிவு இருக்கிறது, லாரிகளும் இருக்கின்றன. அந்தச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் யார் போகிறார்கள்?

எல்லாம் இறைவன் விதித்தபடி என்று சிலர் முடித்துவிடுவார்கள். விதியை நாம் மறுக்கவில்லை. ஆனால் அமானத்தைப் பற்றி நம் மார்க்கச் சட்டம் சொல்வதை வியாபாரிகளுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. ஒப்படைக்கப்பட்ட பொருள் நம் கவனக்குறைவின்றித் தொலைந்தால் நம்மீது பொறுப்பில்லை. கவனக்குறைவால் தொலைந்தால் ஈடு செய்தாக வேண்டும். கடையைப் பூட்டாமல் போனவர், களவு போனது விதி என்று சொன்னால் சரக்கின் சொந்தக்காரர் கேட்டுக்கொள்வாரா? என் பிள்ளை, என் கார் என்பவருக்கும் இதுவே பதில். சொந்த முதலைக் கொண்டு துணிந்து பார்க்க நமக்கு உரிமையுண்டு. பிள்ளை நம் முதல் அல்ல. துணிவதா வேண்டாமா என்று அதைக் கேட்கவும் முடியாது. ஒரு வயதுக் குழந்தை எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது?

இருக்கை விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. தரச் சோதனையில் தேறிய இருக்கையில் வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும், ஐக்கிய நாடுகளின் ஆர்44 அல்லது அதற்குப் பின் வந்த ஆர்129 விதியின் பெயரும் பொறித்த சீட்டு ஒட்டியிருக்கும். அது இல்லாத மலிவுச் சரக்கு பஞ்சு மெத்தையும் பூப்போட்ட துணியுமாகக் கண்ணைக் கவரும். விபத்தில் சிக்கிய பழைய இருக்கையும் அப்படியே. உள்ளே விரிசல் கண்டிருந்தால் வெளியே தெரியாது. இவற்றைத் தெரிந்து விற்பது குறைத்து நிறுப்பதைவிடக் கொடியது. குறைத்து நிறுத்தால் வாங்கியவர் வீட்டில் தராசு வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். இந்தச் சரக்கின் குறையை விபத்து நடந்த அன்றுதான் அறிவார். கைக்குழந்தைக்கு விற்கும்போது, கார் ஓடும் திசைக்கு முதுகு காட்டி வைக்கச் சொல்லுங்கள். கைக்குழந்தையின் தலை உடல் நீளத்தில் கால் பங்கு. கழுத்தோ அதைத் தாங்கும் பலமில்லாதது. ஆர்129 விதிப்படி 15 மாதம்வரை அப்படித்தான் வைக்க வேண்டும்.

விலைதான் தடை என்பவர்களும் உண்டு. கார் வாங்கிய கைக்கு இது பெரிய செலவல்ல என்போம். கார் வாங்க வழியில்லாதவர் சங்கதி வேறு. நம் கடைச் சிப்பந்தி மோட்டார் சைக்கிளில் முன்னே ஒரு பிள்ளையும் பின்னே மனைவியுமாகப் போகிறார். அவருக்கு இச்சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. இந்தியாவில் 2023 பிப்ரவரி முதல், மோட்டார் சைக்கிளில் ஏற்றிச்செல்லும் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஓட்டுபவரோடு வாரால் இணைத்துக் கட்ட வேண்டும், 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. வார் கட்டினால் மட்டும் சைக்கிள் காராகிவிடாது. பள்ளிக்கூடம் விடும் வேளையில் கடை வேனும் நம் காரும் பின் இருக்கை காலியாகவே ஓடுகின்றன என்பதையும், அந்தச் சிப்பந்தியின் பிள்ளையும் அதே வழியாகத்தான் வீடு திரும்புகிறது என்பதையும் முதலாளிமார் கவனிக்க வேண்டும்.