அறிந்து காணுங் கனவும் வினையும்

கனவு காணும்பொழுதே ‘இது கனவு’ என ஒருவன் அறிதல் கூடுமோ? கூடும் என்பது சோதனையால் நாட்டப்பட்ட உண்மை. 1975ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேயத்து ஹல் பல்கலைக்கழகத்திலே ஆலன் வோர்ஸ்லி என்பார், உறங்குமுன் பேசிவைத்த குறிப்பின்படி, கனவினுள் நின்றே கண்களை இடமும் வலமும் அசைத்துக் காட்டினார். கீத் ஹேர்ன் என்னும் ஆராய்ச்சியாளர் அதனைக் கருவியிற் பதிவு செய்தார். கனவில் உடம்பு கட்டுண்டு கிடப்பினும் கண் அசையுமாதலின் அதுவே தூதாயிற்று. அமெரிக்காவில் ஸ்டீபன் லபேர்ஜ் என்பாரும் இதனை ஆராய்ந்து 1981இல் வெளியிட்டார்.

இதனைப் பயில்வோர், விழித்தவுடன் கண்ட கனவை எழுதிவைப்பர். பகலிலும் ‘இது நனவோ, கனவோ’ எனப் பலகால் ஆராய்வர். இடையில் விழித்து மீள உறங்கப் புகுங்கால், ‘இனிவருங் கனவைக் கனவென்றே அறிவேன்’ என உறுதிகொள்வர். அவ்வறிவு தோன்றியபின் உவகை மிகுமாயின் விழிப்பு வந்துவிடும். அமைதியாய் நின்று, கனவிற் காணுங் கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருப்பின் அந்நிலை சிறிது நீடிக்கும் என்பர்.

இனி, நாம் ஆராயவேண்டுவது ஒன்றுண்டு. அறிந்து காணுங் கனவிற் செய்வது வினையாமோ, ஆகாதோ? 1902இல் தோன்றிய கொழும்பு விவேகானந்த சபையின் சைவத் தேர்வுகளுக்கு மாணாக்கரை ஆயத்தஞ் செய்யும் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆசிரியர்களை, ‘கனவிலே களவு செய்தாற் பாவமா?’ என ஒரு பிள்ளை வினவுதல் கூடும். ‘கனவுதானே’ என்று சொல்லி அப்பிள்ளையை அமர்த்திவிடுதல் நன்றன்று.

நனவிற் கருவிகள் 35 என்றும், கனவில் அறிபொறி ஐந்தும் தொழிற்பொறி ஐந்தும் ஒழிய 25 என்றும் சித்தாந்தங் கூறும். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கும் அவ்விருபத்தைந்தினுள் அடங்கும். எனவே, கனவிற் கையுங் காலும் தொழிற்படாவாயினும் எண்ணுங் கருவிகள் உடனுள. கனவென்று அறியாதான் தேர்ந்து செய்வது யாதுமில்லை, அவன்மேற் பழியுமில்லை. அறிந்தவனோ, ‘இது செய்வேன், இது தவிர்வேன்’ எனத் தேருகின்றான்.

‘அங்கே துன்புறுவார் எவருமிலரே’ எனின், உண்மையே. உடம்பாற் செய்த தீமையோடு அது ஒவ்வாது. ஆயினும் மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் வினை விளையும் என்பது நம் கொள்கையன்றோ? காண்பாரில்லா இடத்துத் தீமையை விரும்பிப் பழகிய மனமே காலையில் எழுந்து பள்ளிக்கு வருகின்றது.

ஆதலின் ஆசிரியர்களே, இப்பயிற்சிக்கெனப் பிள்ளைகளின் உறக்கத்தைக் குலைத்தல் வேண்டா. அவ்வாறு வினவும் பிள்ளைக்கு, ‘அறியாது கண்டதற்கு அஞ்சாதே, அறிந்து காண்பாயாயின், அங்கும் நீயே நீ’ என விடை கூறுவீர்களாக.