விருந்தினர் காவலன்

கிரேக்கரின் தலைமைக் கடவுள் ஜீயஸுக்குப் பட்டங்கள் பல. அவற்றில் ஒன்று, விருந்தினரையும் அந்நியரையும் காப்பவன் என்பது. ஹோமரின் ஒடிசியில் அந்தப் பட்டத்துக்குச் சோதனை வருகிறது. கரையொதுங்கிய ஒடிசியஸை, பெயர் தெரியுமுன்பே உபசரித்து, பரிசுகள் கொடுத்து, தங்கள் கப்பலிலேயே ஊர் சேர்க்கிறார்கள் ஃபீயேசியர்கள் என்ற மக்கள். கடல் தெய்வம் பொசைடனுக்குக் கோபம். திரும்பிவரும் கப்பல், கரையில் சனம் பார்த்துக்கொண்டிருக்கவே கல்லாகிறது. அந்த யோசனையைச் சொல்லிக்கொடுத்ததே ஜீயஸ்தான்! அவனை எப்படிக் காவலன் என்பது?

உண்மையான காவலர்களைத் தேடினால் இலங்கைக்கு வரலாம். அங்கே 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். பெருந்தொகையானோர் புத்தளம் வந்தார்கள். அங்குள்ள தில்லையடியிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. சோறாக்கிப் போட்டவர்கள், பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டவர்கள், தென்னங்காணியில் இடம் விட்டவர்கள் எல்லாம் உள்ளூர்ச் சனங்கள்தான். வசதி கொழித்த ஊர்களல்ல அவை. கிணற்றுத் தண்ணீர், வகுப்பறை வாங்கு, கூலிவேலை எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் பங்குபோட வேண்டியிருந்தது. மனத்தாங்கல்கள் வந்தன, வராமல் இருக்குமா? வந்தவர்களை ஏற்றதற்கான விலையை அவர்கள் தெரிந்தே கொடுத்தார்கள். எந்தப் பட்டமும் அவர்களுக்குச் சூட்டப்படவில்லை.