இசைவும் இணக்கமும்: இல்லற வன்முறைச் சூழலில் பெண்ணின் மகப்பேற்றுத் தெரிவு

முன்னுரை

மகப்பேறு பெண்ணின் உடலில் நிகழ்வது. எனினும் அது குறித்த முடிவு பெரும்பாலும் அவளைக் கேளாமலேயே எடுக்கப்படுகிறது. கணவனின் வன்முறை நிலவும் இல்லத்தில் இம்முரண் மேலும் கூர்மையடைகிறது. அத்தகைய இல்லத்தில் வாழும் பெண் கணவன் அறியாமல் கருத்தடை முறையொன்றைக் கைக்கொள்வாளாயின், அச்செயல் வஞ்சகமா, தற்காப்பா என்னும் வினா எழுகிறது. மருத்துவமும் சட்டமும் தொட்டுச் செல்லும் இவ்வினாவை அறவியல் நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்முறையும் உடல்நலமும்

2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 18 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களுள் 29.3 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு உள்ளானவர்கள். கருவுற்ற காலத்தில் உடல்சார் வன்முறையை எதிர்கொண்டோர் 3.1 விழுக்காட்டினர். அச்சத்தாலும் நாணத்தாலும் சொல்லப்படாதவை இவ்வெண்களில் அடங்கா.

உலக நலவாழ்வு நிறுவனம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, துணைவரின் வன்முறைக்கு உள்ளான பெண்கள் எடை குறைந்த குழந்தையைப் பெறும் வாய்ப்பு 16 விழுக்காடு மிகுதி என்றும், கருக்கலைப்பை நாடும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்றும், சில நிலப்பகுதிகளில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு என்றும் குறிப்பிடுகிறது.

இத்தீங்குகள் அடியாலும் காயத்தாலும் மட்டும் விளைவன அல்ல. ஆணுறையை மறுத்தல், மாத்திரைகளைத் தூக்கி எறிதல், மருத்துவமனைக்குச் செல்லப் பணமோ துணையோ தர மறுத்தல், கருத்தடை குறித்துப் பேசுவதையே ஒழுக்கக்கேட்டின் அடையாளமாகக் கொண்டு ஐயுறுதல் ஆகியவையும் வன்முறையின் கூறுகளே. பெண் கருவைச் சுமக்க விரும்பும்போது, அது பெண் குழந்தை என்பதற்காகவே கலைக்குமாறு நெருக்குவதும் இதன் மறுபக்கமாகும். ஆதலின் பெறுவதா, தவிர்ப்பதா என்பது இங்கு முதன்மை வினாவன்று; முடிவு செய்பவர் யார் என்பதே முதன்மை வினாவாகும்.

இசைவும் இணக்கமும்

அறவியலில் இசைவு வேறு, இணக்கம் வேறு. மறுத்தாலும் தீங்கு நேராது என்னும் உறுதி உள்ள இடத்தில் தரப்படுவது இசைவு. மறுத்தால் தீங்கு நேரும் என்னும் அச்சத்தால் அடங்கிப்போவது இணக்கம். புறத்தே நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மூன்றாம் குழந்தைக்கு உடன்பட்ட மனைவியின் சொல்லைக் கொண்டு மட்டும் அவள் விரும்பினாள் என்று கூறிவிட இயலாது. அவளால் 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்திருக்குமா என்பதே அச்சொல்லின் மதிப்பை அளக்கும் கோல்.

சட்டத்தின் இருமுகம்

1971ஆம் ஆண்டின் மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டம், வயதுவந்த, மனநலமுடைய பெண்ணின் இசைவையே வேண்டுகிறது. கணவனின் ஒப்புதலை வேண்டவில்லை. மகப்பேறு குறித்த தெரிவு அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனித உரிமையின் கூறு என உச்ச நீதிமன்றம் 2009இல் உரைத்தது. 2022 செப்டம்பரில் அந்நீதிமன்றம், கருக்கலைப்புச் சட்டத்தின் நோக்கத்திற்கு மட்டும், கணவனின் வன்புணர்ச்சியும் வன்புணர்ச்சியே என விளக்கியது. ஆயினும் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் வன்புணர்தலைக் குற்ற வரையறையிலிருந்து விலக்கியே வைத்துள்ளது.

மேலும், 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் உச்ச நீதிமன்றம், மனக்கொடுமைக்கு எடுத்துக்காட்டுகளைத் தொகுத்தபோது, மருத்துவக் காரணமின்றித் துணையின் இசைவோ அறிவோ இல்லாமல் கருத்தடை அறுவையோ கருக்கலைப்போ செய்துகொள்வது மனக்கொடுமையாகலாம் எனக் குறித்தது. ஆகவே, ஒரு சட்டம் பெண்ணுக்கு மட்டுமே உரியதாக வைத்த முடிவு, மணமுறிவு வழக்கில் அவளுக்கு எதிரான சான்றாகவும் அமையக்கூடும். மறைத்தல் குறித்த அறவினா இவ்விடைவெளியில்தான் நிற்கிறது.

மறைத்தல் பொய்யாகுமா?

இல்லறம் நம்பிக்கையின்மேல் நிற்பது. குழந்தை இருவர்க்கும் உரியது. எனவே மறைத்தல் நம்பிக்கைக் கேடு என்பர் ஒரு சாரார். இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வன்முறையற்ற இல்லத்தில், குழந்தைக்காகக் காத்திருக்கும் கணவனிடம் காரணமின்றி மறைப்பது அவனுக்கு இழைக்கும் தீங்கேயாகும்.

ஆனால் உண்மையைக் கேட்கும் உரிமை, உண்மையைச் சொல்வோர்க்குத் தீங்கு செய்யாமை என்னும் கடமையோடு பிணைந்தது. திருக்குறளின் வாய்மை அதிகாரம் வாய்மையைத் தீமை பயவாமையின் வழியே வரையறுப்பது இங்கு நினைக்கத்தக்கது. தன் மனைவி உண்மை பேச இயலாத நிலையைத் தன் கைவலியால் உண்டாக்கியவன், அவ்வுண்மை மறைக்கப்பட்டது என்று முறையிடும் தகுதியை இழக்கிறான். நம்பிக்கை முதலில் முறிந்தது மாத்திரையால் அன்று, அடியால். எனவே அச்சூழலில் மறைத்தல் வஞ்சகமன்று, தற்காப்பே எனலாம்.

தந்தை பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்னும் நூலில், கருத்தடையைப் பிறர் உடல்நலம், வறுமை ஆகிய காரணங்களால் ஆதரித்த நிலையில், தாம் பெண்ணின் விடுதலை கருதி ஆதரிப்பதாக வேறுபடுத்திக் காட்டினார். மகப்பேற்றுத் தெரிவை நலத்திட்டமாக அன்றி உரிமையாகக் காணும் நோக்கு தமிழ்ச் சிந்தனைக்குப் புதிதன்று என்பதற்கு இது சான்றாகும்.

தற்காப்பின் எல்லை

எனினும் தற்காப்பு தீர்வாகாது. அரசின் குடும்பநலத் திட்டத்தில் 2017இல் சேர்க்கப்பட்ட 'அந்தரா' ஊசி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடப்படுவது. வீட்டில் ஒளித்துவைக்க வேண்டிய பொருள் ஏதும் அதில் இல்லை. ஆனால் மாதவிலக்கில் அது உண்டாக்கும் மாற்றம் ஐயத்தை எழுப்பக்கூடும். பாலுறவால் பரவும் நோய்களையும் அது தடுக்காது. மறைவு வெளிப்படின் வன்முறை மிகலாம்.

மேலும், மறைவான முறைகளை மட்டும் பெருக்குவது சுமை முழுவதையும் பெண்மேலேயே வைப்பதாகும். மேற்குறித்த ஆய்வில் பெண் கருத்தடை அறுவை 37.9 விழுக்காடாகவும் ஆண் கருத்தடை அறுவை 0.3 விழுக்காடாகவும் இருப்பது இச்சுமையின் அளவைக் காட்டுகிறது.

முடிவுரை

வன்முறைச் சூழலில் பெண் கைக்கொள்ளும் மறைவு அறத்திற்கு முரணானதன்று. அவளை மறைக்கச் செய்த நிலையே அறத்திற்கு முரணானது. ஆகவே மருத்துவர் கணவனை அறைக்கு வெளியே இருத்தி அவளிடம் தனித்துப் பேசுதலும், சட்டத்தில் இல்லாத கணவனின் கையொப்பத்தைக் கேளாதிருத்தலும், அவள் சொன்னதைக் காத்தலும் சிறு நடைமுறைகள் அல்ல; அவளுடைய இணக்கத்தை இசைவிலிருந்து பிரித்தறியும் வழிகள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உடல்நலத்திற்கு ஊறு செய்வதையும் பாலியல் கொடுமையையும் வன்முறை என்றே வரையறுக்கிறது. அவ்வரையறை மகப்பேற்று மருத்துவமனையின் வாயில்வரை சென்று சேரும்போதுதான், மறைக்க வேண்டிய தேவையின்றி ஒரு பெண் 'வேண்டும்' எனவும் 'வேண்டாம்' எனவும் சொல்ல இயலும்.