கெட்டித்த கை

நாட்டுத் துப்பாக்கியைக் கெட்டிப்பது சுலபம். கெட்டித்ததை வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு. குழல் வாய் வழியாகக் கருமருந்து, அதன்மேல் தேங்காய் நார், கெஜக்கோலால் இடி. பிறகு ஈய ரவை, மறுபடி நார், மறுபடி இடி. தோட்டா போடுகிற துப்பாக்கியாக இருந்தால், சுட வேண்டாம் என்று தோன்றியதும் குழலை மடக்கித் தோட்டாவை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இதில் அந்த வசதி கிடையாது. சுட்டுத் தீர்க்க வேண்டும். அல்லது கெஜக்கோலின் நுனியில் திருகு மாட்டி, நாரைக் குத்தி, உள்ளே இறுகிக் கிடப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தெடுக்க வேண்டும். இரவுக் காவல் முடிந்து தூக்கக் கலக்கத்தில் திரும்புகிறவர் அதையா செய்துகொண்டிருப்பார்? கெட்டித்தபடியே கொண்டுவந்து கூரைச் சந்தில் செருகிவிட்டுப் படுத்துவிடுவார்.

எங்கள் சூளகிரிப் பக்கத்தில் இது கதையில் வரும் சங்கதி இல்லை. தேசிய நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் லாரிகளும் சிப்காட் ஆலைகளும் கொத்தமல்லிக் கட்டு ஏற்றும் வண்டிகளும்தான் தெரியும். சாலையை விட்டு உள்ளே போனால் வேறு உலகம். ராகி முற்றும் காலத்தில் ஜவளகிரிக் காட்டு வழியாக யானைக் கூட்டம் சானமாவுக்கு வந்துவிடும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்துக் காட்டோரக் கொல்லைகளில் பன்றி ஒரு ராத்திரி புகுந்தால் மூன்று மாத உழைப்பு போச்சு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே, 13-ஆவது பிரிவில், பயிர்க் காவலுக்கு இந்த வகைத் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க இடம் வைத்திருக்கிறது. உரிமத்தோடு இருப்பவை சில. உரிமம் இல்லாமல் பரணிலும் வைக்கோல் போரிலும் கிடப்பவை நிறைய. அப்படிப் பயிரை இழக்கும் விவசாயியின் கோபம் நியாயமானது. பன்றி மேய்ந்த நிலத்தில் விடியற்காலை போய் நின்றவர்களுக்கு அது தெரியும்.

இந்தத் துப்பாக்கியைப் பற்றி என்னை விடாமல் யோசிக்க வைத்தது எங்கள் ஊர் இல்லை, குடகு. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஆலையில் என் நண்பர்கள் சிலர் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவர் குடகுக்காரர். கைல்போது பண்டிகைக்கு வீட்டுக்கு வரச் சொல்லி எங்களைக் கூட்டிப் போனார். நாற்று நடவு முடிந்து செப்டம்பர் தொடக்கத்தில் வரும் பண்டிகை. நடவுக் காலம் முழுக்கத் தொடாமல் வைத்திருந்த துப்பாக்கிகளையும் கத்திகளையும் அன்று துடைத்து, விளக்கின் முன் அடுக்கி, சந்தனம் வைத்து, பூச்சூட்டி வணங்குகிறார்கள். குழலில் செருகிய பூவைப் பார்த்ததும் எங்களுக்கு ஆச்சரியம். நம் மாநில மலரான செங்காந்தள் அது.

குடகர்களுக்குத் துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 1861-இல் வெள்ளைக்காரன் கொடுத்தது. மத்திய அரசு 2019-இல் அதைப் பத்தாண்டுக்கு, 2029 வரை நீட்டித்தது. எதிர்த்துப் போட்ட வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் தள்ளிவிட்டது. சிலருக்கு மட்டும் இப்படி விலக்கு தருவது சரியா என்று விவாதிப்பவர்கள் விவாதிக்கட்டும். நான் பார்த்தது, துப்பாக்கியோடு தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய ஒரு வீடு அதை எப்படி வைத்திருக்கிறது என்பதை.

சாப்பாட்டுக்கு முன்னால் தேங்காய் சுடும் போட்டி. உயரமான மரத்தின் கிளையில் தேங்காயைக் கட்டிவிடுகிறார்கள். கீழே நின்று சுட வேண்டும். ஆண்களும் பெண்களும் வரிசையில் நின்றார்கள். ஏறக்குறைய எல்லோர் கையிலும் தோட்டாத் துப்பாக்கி. நண்பரின் தாத்தா ஒருவர் மட்டும் பழைய நாட்டுத் துப்பாக்கியோடு வந்தார். அஜ்ஜா என்றுதான் நாங்களும் அவரைக் கூப்பிட்டோம்.

தூறல் விட்டிருந்தது. அஜ்ஜா முதலில் மரத்தைப் பார்க்கவில்லை. மரத்துக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தார். பின்னால் மேடான காப்பித் தோட்டம், அதற்கு மேல் மலை. அங்கே ஆள் இல்லை என்று பேரனை அனுப்பிப் பார்த்து வரச் சொன்ன பிறகுதான் மருந்துக் குடுவையைத் திறந்தார். அந்த எச்சரிக்கையை அதிகப்படி என்று யாரும் நினைக்க வேண்டாம். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைக்கு அருகே, துப்பாக்கிப் பயிற்சித் தளத்திலிருந்து பறந்துவந்த குண்டு, ஊருக்குள் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாள் போராடிவிட்டு அந்தப் பிள்ளை இறந்துபோனான். இலக்குக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று குண்டு கேட்பதில்லை.

அளவுச் சிமிழில் மருந்தை நிரப்பி, விரலால் மட்டம் தட்டி, குழலில் கொட்டினார். கொட்டியதும் குந்தாவின் பக்கவாட்டில் உள்ளங்கையால் மெல்லத் தட்டினார். நாரைத் தானே உருட்டினார். பேரன் கெஜக்கோலை வாங்கக் கை நீட்டியபோது தரவில்லை. கோலில் கீறிய ஒரு பழைய குறி இருந்தது. இடித்து முடித்ததும் அந்தக் குறி குழல் வாய்க்குச் சரியாக வந்து நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். குறி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், முன்பு கெட்டித்தது உள்ளேயே கிடக்கிறது என்று அர்த்தம். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் குழல் வெடித்து, சுடுகிறவர் முகம் போய்விடும். எங்கள் கூட்டத்தில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் உண்டு. நாள் முழுக்க மைக்ரோமீட்டரும் கையுமாக நிற்பவர். அவர் என் காதருகே, “ண்ணா, செக்கிங்னா இதான்” என்றார்.

விசையை இழுத்தார். குதிரை விழுந்தது. மருந்துக்கு நெருப்பு வைக்கும் கேப் மட்டும் ‘டப்’ என்றது, துப்பாக்கி வெடிக்கவில்லை.

அப்போது அஜ்ஜா செய்ததுதான் அந்த நாளில் நான் பார்த்தவற்றில் உயர்ந்தது. அவர் ஒன்றுமே செய்யவில்லை. தோளிலிருந்து இறக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, வருத்தச் சிரிப்புக்கூடச் சிரிக்கவில்லை. குழல் தேங்காயைப் பார்த்தபடியே இருந்தது. ஈரம் பட்ட மருந்து சில சமயம் உள்ளே கனன்று, தாமதமாகப் பிடிக்கும். துப்பாக்கி ஏமாற்றிவிட்டது என்று நினைத்து அதை இறக்கிப் பார்ப்பவர்கள்தான் செத்திருக்கிறார்கள், பக்கத்தில் நிற்பவர்களைக் கொன்றிருக்கிறார்கள். வரிசையில் யாரும் அசையவில்லை, குழந்தைகள்கூட. அந்த ஊர்க் குழந்தைகளுக்கு அந்த மௌனம் பழக்கமானது என்று தெரிந்தது. வேண்டிய நேரம் நின்றுவிட்டு, புதுக் கேப் வைத்து மறுபடி விசையை இழுத்தார். இந்த முறை வெடித்தது. வெள்ளைப் புகை எழுந்து மரத்தையே மறைத்துவிட்டது. அது கலையும்வரை சுட்டவருக்கும் தெரியாது, பார்த்தவர்களுக்கும் தெரியாது. கலைந்தபோது தேங்காய் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு அந்த வீட்டுப் பெண் ஒருத்தி தோட்டாத் துப்பாக்கியால் அதை உடைத்தாள். அஜ்ஜாதான் எல்லோருக்கும் முன்னால் போய்க் கைகொடுத்தார்.

பன்றிக்கறியும் கடம்புட்டும் சாப்பிட உட்காரும் முன் அவர் வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவினார். அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்புத் தண்ணீர் வடிந்தது. கழுவியதற்குப் பின்னும் ஒரு முறை கோலை விட்டுக் குறியைப் பார்த்தார். எதற்கு என்று கேட்டேன். அவர் கன்னடத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: கெட்டித்தவன்தான் சுட வேண்டும், சுடாவிட்டால் அவனே உட்கார்ந்து எடுக்க வேண்டும், கெட்டித்த துப்பாக்கி இந்த வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது. சாமி முன்னால் வைப்பது காலித் துப்பாக்கியைத்தான்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் எனக்கு அந்த வாசற்படிதான் மனதில் நின்றது. குறி பார்ப்பதைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் அறுபது குண்டுக்கு எழுபத்தைந்து நிமிடம். நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். தேர்ந்த வீரர்கள் நெஞ்சு படபடத்தால் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு, மூச்சை அடக்கி, மறுபடி உயர்த்துவார்கள். தாழ்த்தத் தெரிவதும் அந்தக் கலையில் பாதி. அவர்கள் தாழ்த்தினால் அத்தோடு முடிந்தது. போட்டித் தளத்தில் அதற்கு விதி இருக்கிறது, பக்கத்தில் நடுவர் இருக்கிறார். கொல்லைக் காவலில் இருப்பவர் தாழ்த்தினால் முடிவதில்லை. அவர் கை தாழ்ந்துவிடும், உள்ளே இருப்பது தாழாது.

பன்றி மேலிருந்த கோபத்தில் சாயங்காலம் கெட்டிக்கிறார். பன்றி வரவில்லை. விடிந்ததும் கோபம் ஆறிவிடுகிறது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார், பால் கறக்கிறார், சந்தைக்குப் போகிறார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய நேற்றைய கோபம் கூரைச் சந்தில் சூடு குறையாமல் அப்படியே இருக்கிறது. அதை எடுத்து விளையாடப் போகிறவனின் மேல் அவருக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. விசையை இழுக்கும் விரலைத்தான் சட்டமும் ஊரும் கேள்வி கேட்கின்றன. காரியம் முடிவானது அதற்கு வெகு முன்னால், கெஜக்கோலைப் பிடித்த கையில்.

இந்தக் கோணத்தில் பார்க்கத் தொடங்கினால் பல விஷயங்கள் வேறாகத் தெரிகின்றன. பன்றிக்காகக் காட்டோரம் வைக்கும் அவுட்டுக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். தீனிக்குள் வெடிமருந்தை மறைத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கே விசையை இழுக்க ஆளே இல்லை. கடிக்கிற வாய்தான் விசை. பன்றியின் வாயா, யானைக்குட்டியின் வாயா, மேயப்போன மாட்டின் வாயா என்று அதற்குத் தெரியாது. வாய் கிழிந்த யானை தின்ன முடியாமல் பல நாள் பட்டினி கிடந்து சாகிறது. எங்கள் ஜவளகிரிக் காட்டை உலகம் அறியச் செய்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன், ஆட்கொல்லிப் புலிகளில் பல யாரோ அரைகுறையாகச் சுட்டுக் காயப்படுத்தியவை என்று எழுதியிருக்கிறார். சுட்டவன் வீட்டுக்குப் போய்விட்டான். விறகு பொறுக்கப் போனவள் புலியிடம் சிக்கினாள்.

இதன் உச்சம் ஈழத்து மண்ணில் இருக்கிறது. போர் 2009 மே மாதம் ஓய்ந்தது. கண்ணிவெடிகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. முகமாலைப் பக்கம் புதைத்தவற்றை எடுக்க, கண்ணிவெடி அகற்றும் பணியாளர்கள் வருடக்கணக்காக வெயிலில் மண்டியிட்டு, மண்ணை விரலளவு விரலளவாகச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் நிறையப் பேர் பெண்கள். புதைத்தவர்களில் எத்தனையோ பேர் உயிரோடு இல்லை. எந்த எதிரிக்காகப் புதைத்தார்களோ அவனும் அங்கே இல்லை. பகை செத்த பிறகும் பகையின் வேலை பாக்கி நிற்கிறது. நிமிடத்தில் கெட்டித்ததை எடுக்க ஒரு தலைமுறை ஆகிறது. அந்தப் பெண்கள் செய்வதும் அஜ்ஜா செய்ததும் ஒரே வேலைதான் என்று எனக்குப் படுகிறது: உள்ளே எதுவும் மிச்சமில்லை என்று உறுதி செய்த பிறகே மனிதர்களை அந்தப் படியைத் தாண்டவிடுவது.

கோபப்படாமல் யாரும் வாழ முடியாது. பயிரை இழந்தவன் கோபப்படத்தான் செய்வான். அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. மனதில் இருக்கும்வரை கோபத்துக்கு ஆயுள் குறைவு. தூங்கி எழுந்தால் பாதி போய்விடும், ஒரு நல்ல வார்த்தையில் மீதியும் போய்விடும். இரும்புக்குள்ளோ மண்ணுக்குள்ளோ அதை இறக்கி வைத்த பிறகு அது நம்முடையதாக இருப்பதில்லை. நாம் மன்னித்தாலும் அது மன்னிப்பதில்லை. கெட்டித்த கை காலி செய்யும்வரை அந்தக் கைக்கு விடுதலை கிடையாது. அஜ்ஜா குறி தவறியபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதி இப்போது எனக்குப் புரிகிறது. தேங்காய் விழாவிட்டாலும் துப்பாக்கி காலியாகிவிட்டது.

ஆகவே, அஞ்செட்டியிலும் தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் எங்கள் சூளகிரிச் சுற்றுக் கிராமங்களிலும் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யானைக்கும் பன்றிக்கும் இழப்பீடு கேட்டு வனத்துறையோடு சண்டை போடுங்கள். அந்தச் சண்டையில் நானும் கூட வருகிறேன். ஆனால் உங்கள் வீட்டிலோ அண்ணன் தம்பி வீட்டிலோ உரிமம் இல்லாத துப்பாக்கி இருந்தால், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் போலீசிடமோ வனத்துறையிடமோ ஒப்படைத்துவிடுங்கள். தானாக முன்வந்து ஒப்படைப்பவர்கள்மேல் வழக்கில்லை என்று நம் மாவட்டத்திலேயே அறிவித்து, பலர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அதை நீங்களே காலி செய்யப் பார்க்காதீர்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுத் தகவல் சொல்லுங்கள். வருகிறவர்களிடம் முதல் வார்த்தையாக, அது கெட்டித்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடுங்கள்.