வாங்கிய கணினி யாருக்குச் சொந்தம்?

கணினியை இயக்கியதும் முதலில் விழித்துக்கொள்வது விண்டோஸோ லினக்ஸோ அல்ல. மதர்போர்டில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர். இயங்குதளத்தைத் தேடி எடுத்து, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைப்பது அதன் வேலை. பழைய கணினிகளில் ஃபர்ம்வேர் எதையும் விசாரிக்காது. வட்டின் தொடக்கத்தில் எது இருந்தாலும் ஓட்டிவிடும். 2011-இல் ஃபர்ம்வேருக்கான யூஇஎஃப்ஐ தர வரையறையின் 2.3.1ஆம் பதிப்பில் இடம்பெற்ற செக்யூர் பூட் இந்த வழக்கத்தை மாற்றியது. தொடங்கவிருக்கும் மென்பொருளில் மின்கையொப்பம் இருக்க வேண்டும். ஃபர்ம்வேருக்குள் இருக்கும் சாவிகளுள் ஒன்றோடு அது பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் கணினி ஓட்ட மறுக்கும். இங்கே ஒரு தத்துவக் கேள்வி பிறக்கிறது: ஒரு பொருள் யாரை நம்ப வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டியவர் அதைச் செய்தவரா, வாங்கியவரா?

2012-இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது, தன் சான்று பெறும் கணினிகள் எல்லாவற்றிலும் செக்யூர் பூட் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் விதித்தது. அதனால் சந்தைக்கு வந்த பெரும்பாலான கணினிகளில் அந்நிறுவனத்தின் சாவிகள் இடம்பெற்றன. இன்டெல், ஏஎம்டி வகைக் கணினிகளில் உரிமையாளர் இதை அணைக்கலாம், சொந்தச் சாவியைச் சேர்க்கலாம் என்பதும் அதே விதிகளில் இருந்தது. ஏஆர்எம் சில்லு கொண்ட விண்டோஸ் ஆர்டி கருவிகளுக்கோ அணைக்கும் வசதி இருக்கவே கூடாது என்பது விதி. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது, மற்றக் கணினிகளிலும் அந்த வசதியைத் தருவது தயாரிப்பாளரின் விருப்பமாயிற்று.

இந்தக் காவலைத் தாண்டி லினக்ஸ் உள்ளே வர உதவியது ஷிம் என்னும் சிறு நிரல். நிரலாளர் மேத்யூ காரெட் உருவாக்கிய அதை மைக்ரோசாஃப்ட் தன் சாவியால் ஒப்பமிடுகிறது. ஷிம் அடுத்த கட்ட மென்பொருளைச் சரிபார்த்து ஓட்டுகிறது. உரிமையாளர் தாமே உருவாக்கிய சாவியையும் இதில் பதியலாம். அதற்கு அவர் கணினியை மறுபடி தொடங்கி, அதன் முன் அமர்ந்து, கடவுச்சொல் தந்து உறுதிசெய்ய வேண்டும். தொலைவிலிருந்து ஊடுருவியவருக்கு இது இயலாது. இயந்திரத்தின் முன் நேரில் இருப்பவரே அதை ஆளத்தக்கவர் என்ற கொள்கை இந்த ஏற்பாட்டுக்குள் இருக்கிறது.

செக்யூர் பூட்டை ஆதரிப்போரின் வாதம் வலுவானது. இயங்குதளத்துக்கு முன்பே புகுந்துகொள்ளும் தீநிரலை அதற்குப் பின் ஓடும் எந்தப் பாதுகாப்பு மென்பொருளும் நம்பகமாகக் கண்டறிய முடியாது. கீழ் அடுக்கு பொய் சொன்னால் மேல் அடுக்கு உண்மையை அறிய வழியில்லை என்பதை 1984-இலேயே கணினி அறிஞர் கென் தாம்சன் தம் டூரிங் விருது உரையில் காட்டினார். தன் விருப்பம்போல் வாழும் மனிதரைப் பிறருக்குத் தீங்கு நேரும்போது மட்டுமே தடுக்கலாம் என்று 1859-இல் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் வாதிட்டார். தீநிரல் பிடித்த கணினி பிறரைத் தாக்கும் கருவியாகிவிடுவதால், அவருடைய அளவுகோலின்படியும் ஓரளவு தடை நியாயமாகும்.

ஆனால் அந்த நியாயம் சோதனைக்குத்தான் பொருந்தும். சாவியை ஒருவரே வைத்துக்கொள்வதற்குப் பொருந்தாது. கையொப்பம் ஒரு நிரல் யாரிடமிருந்து வந்தது என்பதற்குச் சாட்சி. அது நல்லது என்பதற்குச் சாட்சி அல்ல. 2023-இல் ஆராயப்பட்ட பிளாக்லோட்டஸ் என்னும் தீநிரல், முறையாக ஒப்பமிடப்பட்ட பழைய விண்டோஸ் நிரலின் குறையைப் பயன்படுத்தியே செக்யூர் பூட்டைக் கடந்தது. நம்பக் கூடாது என்று பெயரிலேயே எழுதியிருந்த சோதனைச் சாவிகளோடு பல நிறுவனங்களின் கணினிகள் விற்கப்பட்டிருந்தது 2024-இல் வெளிப்பட்டது. சாவியைக் காப்பவரும் தவறக்கூடியவரே.

உடைமை என்பது பல உரிமைகளின் தொகுப்பு என்று சட்டத் தத்துவ அறிஞர் டோனி ஹானரே 1961-இல் விளக்கினார். பொருளைக் கையில் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் மட்டுமல்ல, அது எப்படிப் பயன்பட வேண்டும் என்று தீர்மானிப்பதும் அத்தொகுப்பில் அடங்கும். கடைசி உரிமை விற்றவரிடமே தங்கிவிட்டால் வாங்கியவர் முழு உடைமையாளர் ஆவதில்லை. டிவோ நிறுவனத்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பதிவுக் கருவியில் இது நிகழ்ந்தது: லினக்ஸில் இயங்கிய அதன் மூல நிரல் கிடைத்தது; திருத்திய நிரலைக் கருவி ஏற்கவில்லை. கட்டற்ற மென்பொருள் உரிமமான ஜிபிஎல்லின் 2007-இல் வந்த மூன்றாம் பதிப்பு இதற்கு எதிராக விதி வகுத்தது. வன்பொருள் பற்றிய முடிவு அதைச் செய்தவருடையது என்று கருதிய, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உடன்படவில்லை. லினக்ஸின் மையமான கெர்னல் இன்றும் அவ்வுரிமத்தின் இரண்டாம் பதிப்பிலேயே இருக்கிறது.

டோர்வால்ட்ஸின் வாதத்தில் விடுபடுவது காலம். அதிகாரம் தன்னுடையது என்று சொல்பவர் பொறுப்பையும் அதே அளவு ஏற்க வேண்டும். விண்டோஸ் ஆர்டிக்கான ஆதரவு 2023-இல் முடிந்தது. அக்கருவிகளில் வேறு இயங்குதளத்தை நிறுவ அதிகாரபூர்வ வழி அப்போதும் திறக்கப்படவில்லை. காப்பதாகச் சொன்னவர் விலகிய பின்னும் பூட்டு மட்டும் எஞ்சியது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்த பின்னும், விண்டோஸ் 11-ஐ ஏற்க முடியாத பழைய கணினிகள் பல லினக்ஸால் பிழைத்திருக்க முடிகிறது. அவற்றின் உரிமையாளர்களுக்குப் பூட்டைத் திறக்கவோ ஷிம் வழியாகக் கடக்கவோ வழி இருந்ததே காரணம்.

பாதுகாப்பும் உரிமையும் ஒன்றையொன்று விலக்குவதில்லை. ஆப்பிள் 2020-இல் வெளியிட்ட எம்1 சில்லு கொண்ட மேக் கணினிகளில், உரிமையாளர் நேரில் கடவுச்சொல் தந்து பாதுகாப்பு அளவைக் குறைத்து வேறு இயங்குதளத்தை நிறுவ வழி வைத்தது. அக்கணினிகளுக்கான அசாஹி லினக்ஸ் அவ்வழியில்தான் வந்தது. அதே நிறுவனத்தின் ஐபோனில் அந்த வழி இல்லை. ஆகவே பூட்டைத் திறக்க விடாதது தொழில்நுட்பத்தின் கட்டாயம் அல்ல, நிறுவனத்தின் முடிவு.

உரிமையாளர் சாவியை மாற்றிக்கொள்ளக்கூடிய பூட்டு அவருக்குக் காவல். மாற்ற முடியாதது அவர்மேல் செலுத்தும் ஆட்சி. கணினி வாங்குவோர் விலையையும் நினைவகத்தையும் கேட்பதோடு, செக்யூர் பூட்டை அணைக்க முடியுமா, சொந்தச் சாவியைப் பதிய முடியுமா என்பதையும் கேட்டறிந்தே வாங்க வேண்டும்.